வழி விடச் சொல்லிக் கத்துவது

முதல் குளிர்காலம் முழுவதும் நான் காருக்குள்தான் இருந்தேன். மகள் வெளியே பனியில் ஓடிக்கொண்டிருப்பாள். நான் ஹீற்றரைப் போட்டுக்கொண்டு, ஃபிளாஸ்கில் கொண்டுபோன தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு, உலகம் முழுக்கப் பரந்து கிடக்கும் சொந்தக்காரரின் பிறந்தநாள் படங்களைப் போனில் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அவள் பனிச்சறுக்குக் குழுவில் சேர்ந்தது பள்ளித் தோழி ஒருத்தி கூப்பிட்டதால். மலை உச்சியிலிருந்து விர்ரென்று இறங்கும் சறுக்கு இல்லை இது. மெலிந்து நீண்ட பலகைகளைக் காலில் மாட்டிக்கொண்டு, கைக்கு ஒரு தடியாய் ஊன்றி, சமதரையிலும் காட்டுக்குள்ளும் தொலைதூரம் வழுக்கி வழுக்கிப் போவது. இங்கே அதற்கு லாங்லவுஃப் என்று பெயர். இயந்திரம் ஒன்று முதல்நாளே பனியை அமத்தி, இரண்டு கோடாய்ப் பள்ளம் போட்டு வைத்திருக்கும். அந்தக் கோடுகளுக்குள் காலை வைத்துப் போகவேண்டும். சனிக்கிழமைதோறும் சுவிஸில் நாங்கள் இருக்கும் கூர் நகரிலிருந்து மேலே மலையூருக்கு அவளை ஏற்றிக்கொண்டு போவது என் வேலை. மற்றப் பிள்ளைகளின் பெற்றோர் இறக்கிவிட்டுத் தாங்களும் பலகையை மாட்டிக்கொண்டு போய்விடுவார்கள். கார் நிறுத்தும் இடத்தில் நான் மட்டும் மிச்சம்.

ஒருநாள் பயிற்சி கொடுக்கிற பெண் வந்து கண்ணாடியில் தட்டினாள். நின்ற காரில் எஞ்சினை ஓடவிடுவது இந்த நாட்டில் பெரிய பாவம். அதைச் சொல்லத்தான் வருகிறாள் என்று நினைத்து அவசரமாகத் திறப்பைத் திருப்பி நிற்பாட்டினேன். அவள் சொன்னது வேறு. இதே நேரத்தில் பெரியவர்களுக்கும் ஒரு குழு இருக்கிறது, அடுத்த வருடம் நீயும் வா என்றாள். எனக்கு ஐம்பது ஆகப்போகிறதே என்றேன். எங்களிடம் எழுபதும் ஓடுகிறது என்றாள்.

வீட்டுக்கு இறங்கி வரும்போது மகளிடம் சொன்னேன். அவளுக்கு அப்போது பதின்மூன்று வயது.

“அம்மா, உங்களுக்கு அது ஏலாது” என்றாள். குத்திக்காட்டவில்லை. நாளைக்கு மழை என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

என்னிடம் அந்தச் சொல்லைச் சொல்லக்கூடாது. டொச் மொழி வகுப்பு ஏலாது என்றார்கள், கார் லைசென்ஸ் ஏலாது என்றார்கள், முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலைக்கான படிப்பு ஏலவே ஏலாது என்றார்கள். எல்லாவற்றையும் நான் கோபத்தில்தான் முடித்தேன். ஹோட்டல் சமையலறையில் வேலை முடிந்து வந்த கணவரிடம் அன்றிரவு சாப்பாட்டுக்கு முன்பே சொல்லிவிட்டேன்.

“உமக்கென்ன விசரே? எலும்பு கிலும்பு முறிஞ்சால் ஆர் பாக்கிறது?”

“நீங்கள்தான்” என்றேன்.

அடுத்த குளிர்காலம் வந்ததும் சேர்ந்தேன். மகள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்: பனிக்குள் நிற்கும்போது அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடாது. சரி என்றேன்.

குழுவின் தலைவர் எழுபதைத் தாண்டியவர், ரயிலில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். களஞ்சிய அறையிலிருந்து எனக்கு அளவான சப்பாத்தும் பலகையும் தேடி எடுத்துத் தந்தது அவர்தான். சப்பாத்தைப் பலகையில் எப்படிக் கொளுவுவது என்று காட்ட, மனிதர் சட்டென்று என் முன்னால் முழங்காலிட்டு என் காலைப் பிடித்தார். அப்பாவின் வயதில் ஒருவர் என் காலைத் தொடுவதா? பதறிப்போய்க் காலை இழுத்தேன். மற்றக் காலில் ஏற்கெனவே பலகை மாட்டியிருந்தது. தொபீரென்று விழுந்தேன், அதுவும் களஞ்சிய வாசலில், பனியில் ஒரு அடிகூட வைக்கும் முன்பே. இத்தனை வருட அனுபவத்தில் இவ்வளவு சீக்கிரம் விழுந்தவர் யாரும் இல்லை என்று தலைவர் எல்லோருக்கும் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். ஏன் விழுந்தேன் என்று அவருக்கு விளக்கப்போனால் பொழுது போய்விடும். விட்டுவிட்டேன்.

முதல் நாள் மூன்று விஷயம் சொல்லித்தந்தார்கள். எப்படி விழுவது, அது எனக்குக் கைவந்த கலை. எப்படி எழும்புவது, அதற்கு ஒரு பக்கம் உருண்டு ஆடுமாடு எழும்புவதுபோல எழும்பவேண்டும். மூன்றாவது, எப்படிக் கத்துவது. முன்னால் போகிறவர் மெதுவாகப் போனால் பின்னால் வருகிறவர் ‘ஷ்பூர்!’ என்று கத்தவேண்டும். தடத்தை விடு என்று அர்த்தம். கேட்டவர் கோட்டை விட்டு வெளியே காலெடுத்து வைத்து வழி விடுவார். அதில் கோபமும் இல்லை, ரோஷமும் இல்லை, இரண்டு பேரும் சிரித்துக்கொண்டு போய்விடுவார்கள். எல்லோரையும் வரிசையில் விட்டுக் கத்திப் பார்க்கச் சொன்னாள் பயிற்சியாளர். சின்னப் பிள்ளைகள் மலை அதிரக் கத்தினார்கள். என் முறை வந்தபோது, கோயிலில் ஐயரிடம் அர்ச்சனைக்குப் பேரும் நட்சத்திரமும் சொல்லும் குரல்தான் வெளியே வந்தது.

ஆனாலும் எனக்கு அது பிடித்துப்போயிற்று. இதை நான் எதிர்பார்க்கவில்லை. பனி விழுந்த காட்டுக்குள் நுழைந்ததும் ஒரு அமைதி வரும், அதில் என் பலகை உரசும் சத்தம் மட்டும் கேட்கும். வாரம் முழுக்க முதியோர் இல்லத்தில் மணி அடிக்கிற இடமெல்லாம் ஓடுகிறவள் நான். இங்கே என்னை யாரும் மணி அடித்துக் கூப்பிடமாட்டார்கள். ஒரு தள்ளுக்கு நாலு அடி தூரம் தானாக வழுக்கிக்கொண்டு போகும் முதல் தருணத்தில் நான் வாய்விட்டுச் சிரித்தேன். சந்தோஷம் என்றால் சும்மா சந்தோஷம், காரணம் கேட்கமுடியாத சந்தோஷம்.

கூத்துகளும் இல்லாமல் இல்லை. பலகையின் நடுவில், பாதத்துக்கு நேர் கீழே, பனியைப் பிடிப்பதற்கு ஒரு மெழுகு பூசவேண்டும். மெல்லிசாய்ப் பூசச் சொன்னார்கள். எங்கள் சமையலில் எதைத்தான் மெல்லிசாய்ப் போட்டிருக்கிறோம்? கொஞ்சம் கூடப் போட்டால் குறைந்தா போய்விடும் என்று தேய்த்துத் தள்ளினேன். பனி கட்டி கட்டியாய் ஒட்டி, பத்தடி போவதற்குள் குதி உயர்ந்த செருப்புப் போட்டவள்போல நின்றேன். அன்று முழுதும் வழுக்கவே இல்லை, மலையூரைச் சுற்றி நடந்துதான் முடித்தேன்.

நன்றிக்கு நான் செய்தது, எங்கள் ஆட்கள் எல்லோரும் செய்வதுதான். மீனும் உருளைக்கிழங்கும் வைத்துச் சுருட்டிப் பொரித்த ரோல்ஸ் செய்துகொண்டு போனேன். முதல் சனிக்கிழமை ஒரு தட்டு, பிறகு இரண்டு தட்டு. ஓடி முடித்து வந்ததும் குழு முழுவதும் என் கார் டிக்கியைச் சுற்றி நிற்கும். தைப்பொங்கல் தாண்டியபோது நான் அந்தக் குழுவில் ரோல்ஸ் கொண்டுவரும் பெண் ஆகிவிட்டேன். எல்லோரும் அன்பாகத்தான் இருந்தார்கள். ஆனால் பின்னால் வந்தால் யாரும் என்னைப் பார்த்து ‘ஷ்பூர்’ என்று கத்தமாட்டார்கள். சத்தமில்லாமல் கோட்டை விட்டு விலகி, என்னைச் சுற்றிக்கொண்டு, ‘சூப்பர், சூப்பர்’ என்று சொல்லிக்கொண்டு போவார்கள். மகளும் அப்படித்தான், ‘சூப்பர்’ மட்டும் சொல்லமாட்டாள். பெரும்பாலும் அதற்கும் நான் இடம் வைப்பதில்லை. யாராவது வருகிற சத்தம் கேட்டாலே ஒதுங்கி நின்று, சிரித்து, தலையாட்டி அனுப்பிவைப்பேன்.

பனிக்காலம் முடியும்போது குழுவுக்குள்ளேயே ஒரு அஞ்சல் ஓட்டம் வைப்பது அவர்கள் வழக்கம். இரண்டு இரண்டு பேராக அணி. ஒருவர் பெரியவர், ஒருவர் இளையவர். பெரியவர் முதலில் காட்டைச் சுற்றி ஓடி வந்து இளையவரைக் கையால் தொட, அவர் அடுத்த சுற்றை ஓடுவார். தாயும் பிள்ளையும், தகப்பனும் பிள்ளையும் சேர்ந்து ஓடுவதுதான் அநேகம். நான் மகளிடம் கேட்கவில்லை. கேட்கவேண்டியதே இல்லை என்று நினைத்திருந்தேன்.

மெழுகு பூசும் கொட்டிலுக்குள் நான் பலகையைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது, வெளியே அவள் குரல் கேட்டது. பயிற்சியாளரிடம், நான் உங்களோடு ஓடலாமா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அம்மா வரவில்லையா என்று பயிற்சியாளர் திருப்பிக் கேட்டாள். அம்மா சும்மா பொழுதுபோக்குக்குத்தான் வருகிறா என்றாள் என் பிள்ளை. அவள் பேசிய சுவிஸ் ஜெர்மனில் அது இன்னும் சின்னதாகக் கேட்டது. பலகையை இன்னும் அழுத்திச் சுரண்டினேன்.

வளைவு வளைவாய் இறங்கும் பாதையில் காரை ஓட்டிக்கொண்டே கேட்டேன்.

“என்னோடை ஓட வெக்கமோ?”

“ஓம்” என்றாள். அவள் பொய் சொல்லமாட்டாள், அதுவும் நான் வளர்த்த வளர்ப்புத்தான்.

“நான் மெதுவாப் போறதாலையோ?”

“அதில்லை. அந்த வயசான ஆக்களும் மெதுவாத்தான் போகினம். நீங்கள் எல்லாருக்கும் விலகுறியள் அம்மா. கேக்காமலே விலகுறியள். கடையிலை உங்களுக்குப் பின்னாலை நிண்ட ஆள் முன்னுக்குப் போனாலும் சிரிச்சுக்கொண்டு நிப்பியள். பஸ்ஸிலையும் அப்பிடித்தான். எனக்கு அதைப் பாக்க விருப்பமில்லை.”

“அது மரியாதை, பிள்ளை.”

“மரியாதை இல்லை அம்மா. பயம்.”

வந்த கோபத்துக்கு அடுத்த வளைவில் இறக்கிவிட்டு நடந்து வா என்று சொல்லியிருப்பேன். சொல்லாததற்குக் காரணம், அவள் சொன்னதில் பாதி உண்மை என்று எனக்கே தெரிந்ததுதான். விசா கையில் இல்லாத வருடங்களில் யார் கண்ணிலும் உறுத்தாமல், யார் வழியிலும் நிற்காமல் இருந்து பழகியது உடம்பில் ஊறிவிட்டது. பிறகு இந்த நாட்டுப் பாஸ்போர்ட்டே வந்துவிட்டது, பழக்கம் போகவில்லை. அவளோ இங்கே பிறந்தவள். நடுவழியில் நின்று சப்பாத்து நாடாவைக் கட்டுகிற பிள்ளை.

ஓட்டத்துக்குக் கிட்டவாகப் பயிற்சியாளர், அன்று சின்னப் பிள்ளைகளைப் பார்க்க ஆள் இல்லாததால் தான் ஓடமுடியாது என்று சொல்லிவிட்டாள். மிச்சமாய் இருந்த பெரிய ஆள் நான்தான். மகள் என்னைப் பார்த்து “சரி” என்றாள். பல்வைத்தியரிடம் போகச் சொன்னால் சொல்வாளே, அந்தச் ‘சரி’. அந்தச் ‘சரி’யை அவள் வாயிலிருந்து இன்னொருதரம் கேட்கக்கூடாது என்பதைத் தவிர எனக்கு அந்த ஓட்டத்தில் வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. வெல்கிற ஆசையெல்லாம் இல்லை. அந்தப் பிள்ளை என்னோடு ஓடியதற்கு வெட்கப்படக்கூடாது.

அந்தச் சனிக்கிழமை நான் ரோல்ஸ் செய்யவில்லை. வேண்டுமென்றேதான். மெழுகையும் மெல்லிசாய்ப் பூசினேன், மகள் கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டுத் தன் பலகையை எடுக்கப் போனாள்.

பெரியவர்கள் எல்லோரும் ஒன்றாய்ப் புறப்பட்டோம். வெளிச் சமவெளியில் நாலு தடம் போட்டிருந்தார்கள், இடம் தாராளம். நன்றாகத்தான் போனேன். பலகை பிடிக்கவேண்டிய இடத்தில் பிடித்தது, வழுக்கவேண்டிய இடத்தில் வழுக்கியது. எனக்குப் பின்னாலும் ஆட்கள் இருக்கிறார்கள் என்பதே புதுமையாக இருந்தது. காடு தொடங்கும் இடத்தில் பாதை ஒடுங்கி ஒரே தடம் ஆகிவிடும். அந்தத் தடத்தில், எனக்கு நேர் முன்னால், தலைவர்.

மெதுவாகப் போய்க்கொண்டிருந்தார். மிக மெதுவாக. எனக்குப் பலகை தேடித் தந்த மனிதர், என் காலடியில் முழங்காலில் இருந்த மனிதர். அவரைப் பார்த்து ‘தடத்தை விடு’ என்று எப்படிக் கத்துவது? வேலையில் நான் தினமும் செய்வதும் இதுதானே. நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு தாழ்வாரத்தில் போகும் ஆட்களுக்குப் பின்னால், சாப்பாட்டுத் தள்ளுவண்டியோடு, அவர்கள் வேகத்துக்கே நானும் போவேன். அவர் பின்னால் வந்ததும் என் கால்கள் தாமாகவே வேலைக்குப் போய்விட்டன. அவர் ஒரு தள்ளு, நான் ஒரு தள்ளு. அவர் மூச்சு வாங்கி வேகம் குறைத்தால் நானும் குறைத்தேன்.

அதற்குள் பின்னால் இரண்டு பெண்கள் வந்து சேர்ந்துவிட்டார்கள். இப்போது கத்துவார்கள், கத்தினால் நல்லது, பழி என்மேல் இல்லை என்று காத்திருந்தேன். கத்தவில்லை. ஒருத்தி மற்றவளிடம் மெல்லச் சொன்னாள்: “விடு, அவள்தானே.”

அன்பாகத்தான் சொன்னாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. வயதானவர்களோடு இருபது வருடம் இந்த மொழியில் மாரடித்தவளுக்கு, அந்த ‘அவள்தானே’ எவ்வளவு சின்னது என்று தெரியாதா? நான் இவர்களுக்கு விருந்தாளி. விருந்தாளியிடம் யாரும் வழி விடச் சொல்லிக் கேட்கமாட்டார்கள். விருந்தாளி வீட்டு ஆளாகிறது ஒருநாளும் நடக்காது. மரங்களுக்கு அங்கால் பக்கம் மகள் எனக்காகக் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறாள், நான் இங்கே ஊர்வலம் போய்க்கொண்டிருக்கிறேன். எனக்கு வந்த கோபத்தில் பனி உருகியிருக்கவேண்டும்.

வாயைத் திறந்தேன். ‘ஷ்பூர்’ வரவில்லை.

“ஐயா! கொஞ்சம் விலகுங்கோ! வழி விடுங்கோ!”

காடு முழுக்கக் கேட்டது. அடிவயிற்றிலிருந்து வந்த யாழ்ப்பாணத் தமிழ். தலைவர் திடுக்கிட்டுத் திரும்பினார். ஒரு சொல்லும் விளங்கியிருக்காது, ஆனால் ஒரு கணம்கூட யோசிக்காமல் காலைத் தூக்கித் தடத்துக்கு வெளியே வைத்துவிட்டு, “ஹொப்! ஹொப்!” என்று உற்சாகமாய்த் தடியை ஆட்டினார். நான் பறந்தேன். பின்னால் வந்த பெண்களில் ஒருத்தி சிரித்தபடி என்னைப் பார்த்து “ஷ்பூர்!” என்று கத்தினாள். கேட்டும் நான் விலகவில்லை. அது முறை இல்லைதான். அன்றைக்கு என்னால் முறையெல்லாம் பார்க்கமுடியவில்லை.

காட்டை விட்டு வெளியே வந்தபோது மகள் கோட்டில் நின்று குதித்துக்கொண்டிருந்தாள். “கெதியா வாங்கோ அம்மா! கெதியா!” என்று அவள் தமிழில் கத்துவதை அந்தக் குழு அன்றுதான் முதல்முறையாகக் கேட்டது. தொட்டேன். தொட்ட வேகத்தில் விழுந்தேன். அவள் திரும்பிப் பார்க்காமல் ஓடினாள், அதுதான் சரி.

நாங்கள் வெல்லவில்லை, கடைசியாகவும் வரவில்லை. முடிந்ததும் தலைவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

“காட்டுக்குள் என்ன சொன்னாய்?”

“வழி விடச் சொன்னேன்.”

“அதைச் சொல்ல இவ்வளவு நேரமா? பின்னால் உன் மூச்சுச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. என்னைத் துரத்துகிறாள் என்று நினைத்து உயிரைக் கொடுத்து ஓடினேன். நீ எப்போது கேட்பாய், நான் எப்போது ஓரமாய் நின்று மூச்சு வாங்கலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.”

“நீங்களாகவே விலகியிருக்கலாமே?”

“கேட்காமல் விலகுவதா?” என்றார், ஏதோ கூடாத பேச்சைக் கேட்டவர்போல. பிறகு என் காரின் டிக்கியை எட்டிப் பார்த்தார். “இன்றைக்கு ரோல்ஸ் இல்லையா?” மனிதரின் முகம் வாடியதைப் பார்க்க எனக்குப் பாவமாகப் போய்விட்டது.

காரில் ஏறி வரும்போது மகள் ஓட்டத்தைப் பற்றி ஒன்றும் கதைக்கவில்லை. பசிக்குது, ரோல்ஸ் செய்திருக்கலாம் என்று மட்டும் சொன்னாள். எனக்கு அது போதாது. ஆனாலும் கேட்கவில்லை.

அதற்கு அடுத்த சனிக்கிழமைதான் அந்த வருடத்தின் கடைசிப் பனி. வெயில் ஏறி, தடத்தின் ஓரங்களில் புல் தெரியத் தொடங்கியிருந்தது. நான் காட்டுக்குள் தனியே போய்க்கொண்டிருந்தேன். பின்னால் யாரோ வேகமாக வருகிற சத்தம் கேட்டது. பழைய பழக்கத்தில் வலது கால் தடத்தை விட்டு எழும்பிவிட்டது. அதைத் திரும்ப உள்ளே வைத்தேன். சத்தம் கிட்ட வந்தது. சுற்றிக்கொண்டு போகவில்லை. நேரே என் முதுகுக்குப் பின்னால் வந்து, அந்தக் குழு முழுவதும் கேட்கிற மாதிரிக் கத்தியது.

“அம்மா! விலகுங்கோ!”

விலகினேன். ஆனால் உடனே இல்லை. காடு முடியும் வளைவு வரைக்கும் என் பிள்ளையைப் பின்னால் கத்தவிட்டு, அதற்குப் பிறகுதான் விலகினேன்.